உணவு சுமக்கும் சைக்கிளும் சாலைச் சட்டமும்

சமைப்பவர் ஓரிடத்தும் உண்பவர் வேறோரிடத்தும் இருக்க, இருவர்க்கும் இடையே சாலையில் ஓடுகின்றவர் ஒருவர் உளர். சமைப்பவர்க்கு அடுப்பின் வெம்மை உண்டு. உண்பவர்க்குப் பசியின் வெம்மை உண்டு. இடையில் ஓடுபவர்க்கோ இவ்விரண்டனோடு கடிகாரத்தின் வெம்மையும் உண்டு. கைப்பேசியில் விரல் ஒன்றை அசைத்த அளவில் உணவு வாயிலுக்கு வந்து நிற்கும் இக்காலத்தில், அதனைக் கொணர்ந்த கையை நோக்குவார் சிலரே. அக்கை சாலையில் எத்தனை முறை நடுங்கிற்று என்று கேட்பார் அதனினும் சிலர்.

இவ்வூழியரை நம்மவர் ‘டெலிவரி பாய்’ என்பர். நாற்பது வயது கடந்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகின்றவரும் இச்சொல்லுக்குள் பையனாகவே நிற்கின்றார். கம்பெனிகளோ அவரைப் ‘பார்ட்னர்’ என அழைக்கின்றன. தமிழில் இதனைப் பங்காளி என்னலாம். ஊதியத்தில் உரிமை வேண்டிய இடத்துப் பங்காளி என்று கைவிரித்து, ஆபத்தில் மட்டும் முழுப் பங்கையும் அவர்க்கே ஒதுக்கும் இவ்வுறவு முறையை எந்த நிகண்டிலும் யாம் கண்டிலேம்.

யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது ஒரு சிறு வினாவே. செயலி வழியாக உணவு கொண்டு செல்லும் சைக்கிள் ஊழியர் சாலை விதிகளை மீறுகின்றனர் என்னும் முறையீடு உலகப் பெருநகரங்கள் பலவற்றிலும் எழுந்துள்ளது. அம்மீறலைத் தடுக்கச் சட்டம் செய்வோர், அச்சட்டத்தை யார்மேல் ஏற்றுதல் வேண்டும்? நம் சென்னையில் இவ்வூழியர் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் வருகின்றனர். சைக்கிளிலும் மின்கலச் சைக்கிளிலும் இத்தொழில் பெருகி, அதனை ஒழுங்குபடுத்தச் சட்டத்தின்மேற் சட்டமாகச் செய்து பார்த்த நகரம் நியூயார்க் ஆகும். ஆதலின், அந்நகரத்தின் வரலாற்றையே முதன்மையாகக் கொண்டு இவ்வினாவை நோக்குவோம்.

முதற்கண், முறையிடுவோர் கூறுவதைப் பழித்தொதுக்குதல் முறையன்று. நியூயார்க் நகரத்து முதியோர் ஒருவர் நடைபாதையில் ஊன்றுகோலுடன் செல்லுங்கால், ஓசையின்றி விரைந்து வரும் மின்கலச் சைக்கிள் அவர் முழங்கையை உரசிக் கடக்குமாயின், அவர்க்குண்டாகும் அச்சம் பொய்யன்று. மோட்டார் வண்டிக்கு இரைச்சல் உண்டு. அது வருவதைச் செவி அறியும். மின்கலச் சைக்கிளோ பூனைபோல் வருவது. சிவப்பு விளக்கை மதியாமையும், ஒருவழிச் சாலையில் எதிர்முகமாக வருதலும், நடைபாதையில் ஏறுதலும் உண்மையாகவே நிகழ்கின்றன. ஏழையின் பக்கம் நிற்கின்றோம் என்னும் எண்ணத்தால் இவற்றை இல்லையென மறுப்போர், அவ்வேழைக்கு நன்மை செய்கின்றவர் அல்லர். நடந்து செல்கின்றவருள்ளும் ஏழையர் உளர். ஆகவே மீறல் உண்டு என்பதை ஒப்புக்கொண்டே மேற்செல்கின்றோம். மீறல் எங்கே பிறக்கின்றது என்பதே எம் வழக்கு.

இம்முறையீட்டிற்கு அந்நகர ஆட்சியார் 2025ஆம் ஆண்டில் அளித்த விடை யாது? அவ்வாண்டு ஏப்ரல் மாத இறுதியில், சிவப்பு விளக்கைக் கடத்தல் முதலிய குற்றங்களுக்காகச் சைக்கிள் ஓட்டுவோரைக் குற்றவியல் நீதிமன்றத்திற்கு அழைக்கும் ஆணைகளைப் போலீஸார் வழங்கத் தொடங்கினர். அதே குற்றத்தை மோட்டார் கார் ஓட்டுபவர் செய்யின் அவர்க்குக் கிடைத்தது போக்குவரத்துத் தண்டச் சீட்டே. இரண்டாயிரம் இராத்தல் எடையையும் கடந்த இரும்புப் பெட்டிக்குச் சீட்டு. மிதிக்கும் வண்டிக்கு நீதிமன்றம்! அவ்வூழியருட் பெரும்பாலோர் மெக்சிகோ, குவாத்தமாலா, வங்காளதேசம், மேற்கு ஆப்பிரிக்கா முதலிய இடங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர். நீதிமன்றத்தின் படியேறுதலே தம் குடியேற்ற நிலைக்குக் கேடாய் முடியுமோ என்று அஞ்சி வாழ்பவரும் அவருள் உளர். பின்னர் அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் முதல் மின்கலச் சைக்கிள்கள் மணிக்கு 15 மைல், அஃதாவது ஏறக்குறைய 24 கிலோமீட்டர், வேகத்தைக் கடத்தலாகாது என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அந்நகரச் சாலைகளில் மோட்டார் கார்களுக்குப் பொதுவாக உரிய வரம்பு 2014 முதல் 25 மைல். வேகக் குறைப்பு ஒரு நன்மையே என்று யாமும் கொள்கின்றோம். ஆயின் காரினும் மெல்ல ஓடவேண்டிய சைக்கிள், காரோடு ஒரே பாதையில் ஓடவேண்டியிருக்கும் தெருக்களில், பின்வரும் காரின் முகம் அதன் முதுகில் இடிக்குமே என்பதை விதி செய்தோர் எண்ணினரா என்பது ஐயம்.

இவ்விரண்டு நடவடிக்கைகளும் ஒருவரையே நோக்கின; மிதிக்கின்றவரை. நேரத்தை அளந்து கொடுத்தவரை நோக்கவில்லை. இஃது எப்பொழுதும் இவ்வாறே இருந்ததோ எனின், அன்று. ஈண்டுத்தான் வரலாறு சுவையுடையதாகின்றது.

செயலிகள் பெருகுதற்கு முன்னரே நியூயார்க்கில் உணவு சைக்கிளில் சென்றது. உணவுவிடுதிகள் தமக்கென ஆட்களை வைத்திருந்தன. அவ்வாட்களைப் பற்றியும் இதே முறையீடு எழுந்தது. அப்பொழுது நகர மன்றத்தார் 2012ஆம் ஆண்டில் இயற்றி, 2013 முதல் வலியுறுத்திய சட்டங்கள் யாரைப் பற்றின தெரியுமா? கடையின் உடையவரை. தலைக்கவசம் வாங்கித் தருதல் அவர் கடன். கடையின் பெயர் எழுதிய ஒளிரும் மேற்சட்டை தருதல் அவர் கடன். வண்டிக்கு மணியும் விளக்கும் அமைத்தல் அவர் கடன். அடையாள அட்டை கொடுத்தலும், ஊழியரைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு உட்படுத்தலும், அவர் பெயரை ஏட்டில் பதிந்து வைத்தலும் அவர் கடன். இச்சட்டம் முழுமையாக நிறைவேறிற்று என்று யாம் சொல்ல வரவில்லை. சமையலறையின் மூலையில் மேற்சட்டைகள் மடித்தபடியே கிடந்த கடைகளும் இருந்திருக்கும். ஆயினும் அதன் நோக்கம் நேரியது. எவர் வாணிகத்திற்காக வண்டி ஓடுகின்றதோ, அவர் அவ்வண்டிக்கு விடை சொல்லுதல் வேண்டும் என்பது அதன் உட்கிடை.

பின்னர்ச் செயலிகள் வந்தன. ஒரு கடைக்கு ஓர் ஆள் என்னும் நிலை மாறி, ஒரே ஊழியர் காலையில் ஒரு செயலிக்கும் மாலையில் வேறொரு செயலிக்கும், இடையில் பத்துக் கடைகளுக்கும் ஓடலானார். கடைக்காரரைக் கேட்டால், ‘அவர் எம் ஆள் அல்லர், செயலியின் ஆள்’ என்பார். செயலியைக் கேட்டால், ‘அவர் எம் ஆளும் அல்லர், தம் விருப்பப்படி தொழில் செய்யும் தனி ஒப்பந்தக்காரர்’ என்னும். இங்ஙனம் உடையவர் மறைந்தார். உடையவரை நோக்கி எழுதப்பட்ட சட்டம், முகவரி தெரியாத கடிதம்போல் நின்றது. நகரத்தில் அறுபதினாயிரத்திற்கு மேற்பட்டோர் உழைக்கும் ஒரு தொழிலுக்கு முதலாளி என ஒருவர் இல்லையென்பது கேட்பதற்கே வியப்பு. முதலாளி இல்லாமற் போகவே, தலைக்கவசத்தின் விலையும் வண்டியின் விலையும் மின்கலத்தின் விலையும் ஊழியரைச் சேர்ந்தன. விலை குறைந்த மின்கலங்களை வாங்கியதன் விளைவு சாலையோடும் நில்லாமல் வீட்டிற்குள்ளும் புகுந்தது. 2023ஆம் ஆண்டில் மட்டும் அந்நகரத்தில் இத்தகைய மின்கலங்களால் 268 தீ விபத்துக்கள் நேர்ந்தன; 18 உயிர்கள் மாண்டன. இது தனியே எழுதத்தக்க பொருள், ஈண்டு இவ்வளவே.

இனி, விரைவு எங்கே பிறக்கின்றது என்பதைக் காண்போம். ஓர் ஊழியர் சிவப்பு விளக்கின்முன் நிற்கின்றார் என வைத்துக்கொள்க. அவர் நின்றால் நாற்பது விநாடி கழியும். அந்நாற்பது விநாடிக்கு அவர்க்குக் கூலி இல்லை. ஏனெனில் கூலி ஓட்டத்திற்கே, நிற்றற்கன்று. உணவுவிடுதியில் கறி வேகும்வரை காத்த பதினைந்து நிமிடத்திற்கும் கூலி இல்லை. ஆனால் உண்பவரின் கைப்பேசியில் உணவு வந்துசேரும் நேரம் ஓடிக்கொண்டேயிருக்கின்றது. சமையற்காரர் தாழ்த்திய நேரத்தை உண்பவர் அறியார். கதவைத் தட்டும் முகத்தையே அறிவார். தாழ்ந்த உணவிற்குக் குறைந்த மதிப்பெண். குறைந்த மதிப்பெண்ணிற்குக் குறைந்த வேலை. மிகக் குறைந்தால் செயலியின் கதவே அடைக்கப்படும். கம்பெனிதோறும் முறை சிறிது வேறுபடினும் சங்கிலி இதுவே. இச்சங்கிலியின் ஒரு முனையில் சிவப்பு விளக்கும், மறுமுனையில் அடுத்த மாத வாடகையும் கட்டப்பட்டிருக்கின்றன. அவ்விளக்கின்முன் நிற்றற்கு நல்லொழுக்கம் வேண்டும் என்பர். வேண்டும்தான். ஆயின் நல்லொழுக்கத்திற்கு நாள்தோறும் அபராதம் விதித்துக்கொண்டு, ஒழுக்கம் இல்லையே என்று வருந்துதல் எவ்வாறு பொருந்தும்?

2021ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தொழிலாளர் ஆய்வுத்துறையாரும் ஊழியர் அமைப்பொன்றும் சேர்ந்து அந்நகரத்து ஊழியர் 500 பேரை வினவினர். வேலையிலிருக்கும்பொழுது விபத்துக்கு உள்ளானதாகக் கூறியோர் நூற்றுக்கு 49 பேர். அவருள் நூற்றுக்கு 75 பேர் மருத்துவச் செலவைத் தம் கைப்பொருளாலேயே தீர்த்தனர். சாலையில் விழுந்தவரே விழுந்ததற்கும் விலை கொடுத்தார் என்பது இதன் பொருள்.

கம்பெனியின் கடிகாரமே விபத்தின் ஊற்று என்று யாம் கூறுவது வெறும் ஊகமோ எனின், சீன தேசத்தில் நிகழ்ந்ததைக் காட்டுவோம். ஆங்கு உணவு கொணர்வோர் மின்கலச் சைக்கிளிலேயே செல்கின்றனர். 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘ரென்வூ’ என்னும் பத்திரிகை இவர்களைப் பற்றி வெளியிட்ட நீண்ட கட்டுரை ஒன்று அந்நாடெங்கும் படிக்கப்பட்டது. மூன்று கிலோமீட்டர்த் தொலைவிற்கு உணவு கொண்டு செல்ல அளிக்கப்பட்ட மிகக் கூடிய நேரம் 2016இல் ஒரு மணி. 2017இல் 45 நிமிடம். 2018இல் 38 நிமிடம். தெரு நீளவுமில்லை, குறுகவுமில்லை. மனிதக் கால்களும் மாறவில்லை. மாறியது அல்காரிதம் எனப்படும் கம்பெனியின் கணக்கு ஒன்றே. அக்கணக்கின் இயல்பு நோக்கத்தக்கது. ஊழியர் அஞ்சி விரைந்தால், ‘இவ்வளவு நேரத்தில் முடியும் போலும்’ என்று அது கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டு அடுத்த முறை நேரத்தை இன்னும் குறைக்கும். முதல்வன் விதியை மீறி மிச்சம் பிடித்த ஐந்து நிமிடம், அடுத்தவன் விதியை மீறியே தீரவேண்டிய ஐந்து நிமிடமாகின்றது. வழிகாட்டும் படமே சில இடங்களில் எதிர்முகப் பாதையைக் காட்டிற்று என்றும் அக்கட்டுரை கூறியது. ஷாங்காய் நகரப் போலீஸாரின் கணக்குப்படி, 2017ஆம் ஆண்டின் முற்பாதியில் அந்நகரத்தில் இரண்டரை நாளுக்கு ஒருவர் வீதம் இவ்வூழியர் காயமுற்றனர் அல்லது மாண்டனர்.

கட்டுரை வெளிவந்த மறுநாள் ஒரு கம்பெனி, ‘இன்னும் ஐந்து நிமிடம் காத்திருக்க இசைகின்றேன்’ என உண்பவர் அழுத்தத்தக்க பொத்தான் ஒன்றைத் தன் செயலியில் அமைப்பதாக அறிவித்தது. மக்கள் நகைத்தனர், சினமும் கொண்டனர். கம்பெனி இறுக்கிய முடிச்சை அவிழ்க்கும் பொறுப்பு உண்பவர் தலையில் ஏற்றப்பட்டதன்றோ? மற்றொரு கம்பெனி ஊழியர்க்கு எட்டு நிமிடம் சலுகை தருவதாகக் கூறிற்று. எட்டு நிமிடம் கொடுக்க இயலும் என்றால் அதற்கு முன் கொடாதிருந்தமைக்குக் காரணம் யாது என்பதற்கு விடையில்லை. 2021ஆம் ஆண்டு ஜூலையில் அந்நாட்டு அரசின் ஏழு துறைகள் கூடி வெளியிட்ட நெறிமுறையில், மிகக் கடுமையான கணக்கை அளவுகோலாகக் கொள்ளாது நடுநிலையான கணக்கைக் கொண்டு நேரம் விதிக்க வேண்டும் என்று பணித்தன. அந்நாட்டின் ஆட்சிமுறை பற்றி எமக்குப் பல மாறுபாடுகள் உண்டு. ஆயினும் விதியானது மிதிப்பவர் காலை விட்டுக் கணக்கின் கழுத்தைப் பற்றிய இவ்வொரு செயலை ஒப்புக்கொள்ளாதிருத்தல் நேர்மையன்று.

இதனினும் பழைய சான்று அமெரிக்காவிலேயே உண்டு. அது செயலி தோன்றுதற்கு முந்தியது. டாமினோஸ் என்னும் பீட்ஸா கம்பெனி 1984 முதல், முப்பது நிமிடத்தில் கொண்டு தாரோமாயின் விலையில்லை என்று விளம்பரஞ் செய்தது. அதன் ஆட்கள் கார்களில் விரைந்தனர். 1989இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் அதன் வண்டியால் மோதுண்டு காயமுற்ற பெண்மணி ஒருவர் தொடுத்த வழக்கில், 1993ஆம் ஆண்டு டிசம்பரில் நடுவர் குழுவினர் ஏறக்குறைய 7 கோடியே 90 இலட்சம் டாலர் இழப்பீடு விதித்தனர். அத்தொகையின் மிகப் பெரும்பகுதி கம்பெனியைத் தண்டிக்கும் பொருட்டே. அதனை அடுத்துக் கம்பெனி தன் முப்பது நிமிட வாக்குறுதியைக் கைவிட்டது. ஓட்டுநர்க்கு எத்தனை தண்டச் சீட்டுக் கொடுத்திருந்தாலும் நேர்ந்திராத மாற்றம் இது. வாக்குறுதி வீழ்ந்தபின் பீட்ஸா உண்பார் குறைந்ததாகவும் தெரியவில்லை.

சட்டம் உடையவரைப் பற்றவேண்டும் என்பது புதுக்கொள்கையுமன்று. மோசேயின் நியாயப்பிரமாணத்தை நம் வேதபாட வகுப்பிற் படித்தோர் இரண்டு விதிகளை நினைவுகூரலாம். புது வீடு கட்டுகின்றவன் மேல்மாடியின் ஓரத்திலே கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமம் விதிக்கின்றது. மாடியில் ஏறுவோர் கவனமாக நடப்பாராக என்று அது சொல்லி அமையவில்லை. யாத்திராகமத்தின் விதியோ இன்னும் நுண்ணியது. முட்டுகின்ற மாடு என்று அறிவிக்கப்பட்டிருந்தும் கட்டிவைக்காத உடையவன், அது முட்டிக் கொன்ற உயிருக்குத் தானே பொறுப்பாளி ஆவான். முன்பு அறியாதவனாயின் அவ்வாறன்று. ஆகவே அறிந்திருந்தமையே பொறுப்பின் அளவுகோல். இக்கம்பெனிகள் அறியாதனவா? எந்த ஊழியர் எந்தத் தெருவில் எந்த விநாடியில் எவ்வளவு வேகத்தில் சென்றார் என்பதை அறியும் வழி அவற்றைப்போல் வேறெவர்க்கும் இல்லை. மாடு முட்டும் என்பதை மாட்டுக்காரனைவிட நன்கறிந்த அயலார் யாவர்?

நம் இலக்கியத்திலும் போக்குவரத்து வழக்கொன்று உண்டு. மனுநீதிச் சோழன் மகன் ஊர்ந்த தேரின் சக்கரத்திற்பட்டு இறந்த கன்றின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்தில் விரித்துரைக்கின்றார். திருவாரூர் வீதியில் நேர்ந்த அவ்விபத்தில், கன்று தானே துள்ளி வந்து விழுந்ததெனச் சொல்லுதற்கு இடமிருந்தும் அரசன் அதனை ஏற்றிலன். தேரூர்ந்தவன் தன் ஒரே மகன் என்பதனையும் நோக்கிலன். வகுப்பில் யாம் இதனைக் கூறியபொழுது நண்பர் ஒருவர், ‘அரசன் ஓட்டியவனைத் தானே தண்டித்தான், அவ்வாறாயின் சைக்கிள் ஓட்டுபவரைத் தண்டித்தல் முறையாகுமே’ என்று மடக்கினார். நல்ல தடைதான். ஆயின் தேரின்மேல் அமர்ந்து திசையும் விரைவும் குறிப்பவர் இன்று யார்? சைக்கிள் மிதிப்பவர் தேரின்மேல் இருப்பவர் அல்லர், தேரிற் பூட்டப்பட்டவர். குதிரைகளுக்குத் தண்டனை விதித்ததாகச் சேக்கிழார் பாடவில்லை.

இவ்வுவமையை மிகவும் நீட்டினால் அது ஊழியரை விலங்காக்கிவிடும் என்பதையும் யாம் உணர்கின்றோம். மனிதர்க்கு மனச்சான்று உண்டு. சிவப்பு விளக்கைக் கடந்தவர் கடந்தவரே. அவர்க்குத் தண்டமே கூடாதென்பது எம் கட்சியன்று. காரோட்டிக்கு விதிக்கும் தண்டம் எதுவோ அதுவே, அதனின் மிகாமல், அவர்க்கும் விதிக்கப்படுக. யாம் மறுப்பது அத்துடன் சட்டம் தன் கையைக் கழுவிக்கொள்ளுதலையே.

கம்பெனிகள் கூறும் மறுமொழி ஒன்றுண்டு: ‘யாம் நேரம் விதிப்பதில்லை, உத்தேசமாக மதிப்பிடுகின்றோம், விரையச் சொல்லி எவர்க்கும் ஆணையிடவில்லை.’ சொல்லளவில் இது மெய்யாகவே இருக்கலாம். ஆயின் அம்மதிப்பீட்டை உண்பவர்க்குக் காட்டுபவர் அவரே. அது தவறினால் முறையிடுமாறு உண்பவர்க்கு இடம் வகுத்தவர் அவரே. அம்முறையீட்டை எண்ணி ஊழியரைத் தரம் பிரிப்பவரும் அவரே. மூன்று கண்ணிகளையும் தாமே வார்த்துவிட்டுச் சங்கிலி தம்முடையதன்று என்பது வழக்கறிஞர்க்கு அழகாயிருக்கலாம், மற்றவர்க்கு அன்று. இன்னும், விலை ஏறும் என்பர். ஏறட்டும். இருபது ரூபாய் மிகுதியாகக் கொடுக்க மனமில்லாத உணவு, இன்றியமையாத உணவாக இருத்தல் அரிது.

நியூயார்க்கிலும் சட்டம் எப்பொழுதும் தவறான திசையிலேயே சென்றது என்னல் ஆகாது. முன்பு மின்கலச் சைக்கிள் ஓட்டுதலே குற்றமாயிருந்து, 500 டாலர் வரை தண்டத்திற்கு இடமளித்தது. கம்பெனிகள் அவ்வண்டியின் விரைவால் ஈட்டிய காலத்திலேயே அவ்வண்டிக்காக ஊழியர் தண்டமிறுத்தனர். 2020இல்தான் அது மாநிலச் சட்டத்தால் ஒப்புக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டிலேயே ஊழியர் தம்முட் கூடிச் சங்கமாயினர். 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் நகர மன்றத்தார் இயற்றிய சட்டங்களுள் ஒன்று, தாம் செல்லக்கூடிய தொலைவின் எல்லையை ஊழியரே குறிக்கவும், பாலங்களையும் சுரங்கப் பாதைகளையும் கடக்க மறுக்கவும் உரிமை தந்தது. மற்றொன்று, உணவு எடுக்கும் விடுதிகளின் கழிப்பறையைப் பயன்படுத்தும் உரிமை. இதனையும் சாலைப் பாதுகாப்பில் வைத்தே யாம் எண்ணுகின்றோம். பன்னிரண்டு மணி நேரம் சாலையிலிருப்பவர்க்கு இதன் பயன் விளக்க வேண்டுவதன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் மணிக்கு 17.96 டாலர் என்னும் குறைந்த அளவு ஊதியம் நடைமுறைக்கு வந்தது; 2025 ஏப்ரலில் அது 21.44 டாலராக உயர்ந்தது. இவ்விதியில் எம் மனத்தைக் கவர்வது தொகையன்று; காத்திருந்த நேரமும் கணக்கில் வந்தமையே. நிற்றற்கும் கூலி உண்டென்றால் சிவப்பு விளக்கு பகையாகாது. இவ்விதி வந்தவுடன் பெரிய கம்பெனிகள், உண்பவர் இனாம் கொடுக்கும் இடத்தைப் பணம் செலுத்தும் பக்கத்திலிருந்து அகற்றி, உணவு வந்த பின்னரே தோன்றுமாறு செய்தன என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஏறக்குறைய இரண்டு மாதத்திற்குள் ஐந்து ஊழியர் சாலையில் மாண்டனர். அதன்பின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2022இல், பாதுகாப்பு உடையும் பயிற்சியும் தருதல் கம்பெனியின் கடன் என விதித்தது. நியூயார்க்கின் பழைய 2012ஆம் ஆண்டுச் சட்டம் கடல்கடந்து மறுபிறவி எடுத்தது போலும். ஆனால் ஒளிரும் சட்டை, வருகின்றவரைப் பிறர்க்குக் காட்டுமேயன்றி அவர் விரைவதைத் தடுக்காது. தலைக்கவசம் விழுந்தபின் உதவுவது. நேரத்தைத் தொடாத பாதுகாப்புச் சட்டம் பாதிச் சட்டமே.

நம் நாட்டிலும் இவ்வினா வாயிலில் வந்து நிற்கின்றது. தமிழ்நாட்டு அரசு 2023ஆம் ஆண்டு டிசம்பரில் இத்தகைய ஊழியர்க்கென நலவாரியம் அமைத்தது, நற்செயலே. பத்து நிமிடத்தில் மளிகை தருவோம் என்று விளம்பரஞ் செய்துவந்த கம்பெனி ஒன்று, 2026ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மத்தியத் தொழிலாளர் அமைச்சர் வற்புறுத்தியதன்மேல் அச்சொற்களை நீக்கிற்று. விளம்பரப் பலகையிலிருந்து நீங்கியது ஊழியரின் கைப்பேசியிலிருந்தும் நீங்கிற்றா என்பதை நம் விடுதி வாயிலில் இரவு ஒன்பது மணிக்கு வந்து நிற்கும் ஊழியர் எவரையேனும் கேட்டறியலாம். கேட்பதற்கு அவர்க்கு நேரம் இருக்குமாயின் அதுவே பாதி விடை.

எனவே சட்டம் செய்வோரிடம் யாம் முதலில் வேண்டுவது ஒரு சிறிய அதிகாரமே. கம்பெனி குறிக்கும் நேரம், சாலையின் வேக வரம்பிற்கு உட்பட்டு, விளக்குகளில் நின்று, உணவுவிடுதியில் காத்துச் செல்பவர்க்குப் போதுமானதா என்று சோதிக்கும் அதிகாரம். இதற்குப் புதிய கருவி ஒன்றும் வேண்டா. கணக்கு முழுதும் கம்பெனியிடமே இருக்கின்றது. ஊழியர் ஒருவர் நள்ளிரவில் லாரிமேல் மோதி வீழ்ந்தால், அவர் எத்தனை மணி நேரமாக ஓடினார், அன்று எத்தனை முறை தாழ்ந்ததாகக் குறிக்கப்பட்டார், வீழ்ந்தபொழுது அவர் கைப்பேசி எத்தனை நிமிடம் மீதி என்று காட்டிற்று என்பன அனைத்தும் எங்கோ ஒரு கணிப்பொறியில் பதிவாகியிருக்கும். போலீஸார் இன்று தெருவில் சுண்ணக்கோடு கீறிச் சக்கரத்தின் தடத்தை அளக்கின்றனர். அந்தப் பதிவையும் கேட்டு வாங்கி வழக்கேட்டில் வைக்கட்டும்.